ரோஜாவுக்கு முட்டை ஓடு

"பெரியப்பா, ஓடு எங்கே? செடி காத்துக்கிட்டு இருக்கு!"

காலையில் எழுந்ததும் தையல்காரிக்கு முதல் வேலை இதுதான். அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாடியேறி, தபால்காரர் வீட்டுக் கதவைப் போட்டு இடிப்பாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருடங்கள் ஆகியும் அந்தத் தெருவுக்கு அவர் தபால்காரர்தான்.

கதவு திறக்கக் கொஞ்சம் நேரமானது. கைத்தடியோடு வந்து நின்றவரின் நெற்றியெல்லாம் வியர்வை.

"இந்தா, ரெண்டு. ஏம்மா, நிஜமாவே செடிக்குத்தான் கேக்குறியா, இல்ல நீயே மென்னு தின்னுடுறியா?"

"செடிக்குத்தான் பெரியப்பா. அதுசரி, ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

"அடுப்பு பக்கத்துல நின்னா வேர்க்காதா? இப்பதான் ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டேன்."

தையல்காரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல் இறங்கி வந்தாள்.

குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டவர் அவர். கட்டைப் பிரித்த டாக்டர், "எலும்பு கூடிருச்சு. ஆனா கால்ல சதையே இல்ல. தினமும் ரெண்டு முட்டை சாப்பிடணும், நடக்கணும். உக்காந்தே இருந்தீங்கன்னா அப்புறம் சக்கர நாற்காலிதான்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

தபால்காரர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "ஆயுசு பூரா ஊருக்காக நடந்தாச்சு. இனிமே யாருக்காக நடக்கணும்?" என்று நாற்காலியில் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான். தூரத்து ஊரிலிருந்து மகள் போனில் கேட்டால் மட்டும், "சாப்பிட்டேன், நடந்தேன்" என்று வாய் கூசாமல் புளுகுவார்.

அந்தப் பெண் கடைசியில் தையல்காரியிடம் அழுதாள். "அக்கா, அவரை நடக்க வைக்க நம்மால ஆகாது. முட்டையாவது உள்ள போகணும்க்கா. சாப்பிட்டாரா இல்லையான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

தையல்காரி ஒரு சட்டைக் கையைத் தைத்து முடிப்பதற்குள் யோசனை பிறந்துவிட்டது. சாப்பிட்டதை மறைக்கலாம், சாப்பிடாததைச் சாப்பிட்டதாகவும் சொல்லலாம். ஆனால் உடைத்தால்தானே ஓடு?

மறுநாளே அவர் வாசலில் போய் நின்றாள். "எங்கம்மா வெச்ச ரோஜாச் செடி பெரியப்பா, கண்ணு முன்னாலயே வாடுது. முட்டை ஓட்டைப் பொடி பண்ணி வேர்ல போட்டா பிழைச்சுக்குமாம். எங்க வீட்டுல யாரும் முட்டை தொடுறதில்ல. தினமும் புதுசா ரெண்டு ஓடு கிடைச்சா..." என்று புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படியொரு நடிப்பு தனக்கு வருமென்று அவளுக்கே அதுவரை தெரியாது.

செடியாவது கிடியாவது! அவள் வீட்டில் மிஷினை வைத்தது போகக் கால் நீட்டவே இடமில்லை. வந்த ஓடுகளைக் கழுவிக் காயவைத்து, மிக்சியில் அரைத்து, தெருவில் கண்ணில் பட்ட தொட்டிகளிலெல்லாம் தூவிவிட்டாள். எதிர்வீட்டுத் தக்காளி கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. எல்லாம் தன் கைராசி என்று அந்த வீட்டு அம்மாள் பீற்றிக்கொண்டதையும் பொறுத்துக்கொண்டாள்.

"செடி எப்படிம்மா இருக்கு?" என்று ஒருநாள் தபால்காரர் விசாரித்தார்.

"துளிர் விட்டிருக்கு பெரியப்பா. ஆனா மொட்டு வைக்கத்தான் மாட்டேங்குது."

அடுத்த நாள் நாலு ஓடு வந்தது.

விஷயத்தைக் கேட்ட மகள் போனிலேயே அலறினாள். "நாலு முட்டையா! அக்கா, அவருக்குக் கொழுப்பு ஏறிடும்!"

தையல்காரி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். "பெரியப்பா, ரெண்டே போதும்! ஜாஸ்தி போட்டா செடிக்குச் செரிக்காது!"

"அப்படியா? சரி சரி. ஆனா பூத்ததும் முதல்ல என்கிட்டதான் சொல்லணும்" என்றார் அவர்.

டாக்டரிடம் காட்டும் நாள் வந்தது. தையல்காரிதான் துணைக்குப் போனாள். டாக்டர் காலை அமுக்கிப் பார்த்தார், மடக்கச் சொன்னார், கைத்தடியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நடக்கச் சொன்னார். தபால்காரர் கதவு வரை போய்த் திரும்பி வந்தார்.

"பிரமாதம்! சதை நல்லாப் பிடிச்சிருக்கு. இனிமே சக்கர நாற்காலிப் பேச்சே கிடையாது, இந்தத் தடியும் வேண்டாம்."

அதற்கு மேல் தையல்காரியால் அடக்க முடியவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"மன்னிச்சுடுங்க பெரியப்பா! ரோஜாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்களை முட்டை சாப்பிட வைக்க உங்க பொண்ணும் நானும் போட்ட நாடகம். பாத்தீங்களா, முட்டை என்ன வேலை பண்ணியிருக்குன்னு!"

தபால்காரர் முகம் தொங்கிப்போனது. "செடியே இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அந்த வாடை பட்டாலே எனக்குக் குமட்டும்மா, நான் எங்க முட்டை சாப்பிட்டேன்? உன் செடி செத்துடக் கூடாதேன்னு, தினமும் நீ எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி நாலு தெரு தாண்டி அந்தக் கேக் கடை வரைக்கும் நடந்து போயில்ல ஓடு வாங்கிட்டு வந்தேன்!"