மதில் மேல் பாடிய பாட்டு

காக்கைகளுக்கும் வாத்துகளுக்கும் கால்பந்துப் போட்டி. வாத்துகளின் கோல்கீப்பர் தாரா, போன வெள்ளத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள். குளத்து மதிலில் உட்கார்ந்திருந்த காத்தான் காக்கை அதையே பாட்டாக்கியது.

"தண்ணி வந்துச்சு, பிள்ளை போச்சு!"

"இது ரொம்ப அதிகம்டா" என்றது பக்கத்துக் காக்கை.

"போடா, மேட்ச்னா கிண்டல் இல்லாமலா?"

பந்து மதிலோரம் வந்து விழுந்தது. தாரா எடுக்க வந்தாள். காத்தானின் இன்னும் பறக்கப் பழகாத மகன் குளத்துப் பக்க விளிம்பில் தத்தி நின்று, அப்பன் பாட்டை அவள் முகத்துக்கு நேரே பாடியது.

தாரா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓரத்துல நிக்காத கண்ணு. பின்னால தண்ணி ஆழம்."

பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

காத்தானால் தலை தூக்க முடியவில்லை. மகன் ஆசையாய்க் கேட்டது:

"அப்பா, நான் சரியாத்தானே பாடினேன்?"