அம்மா வழி

அவளுக்குக் கூரியர் ஆபீசில் வேலை. எந்தப் பார்சல் எந்த மூலையில் மாட்டிக்கொண்டு முழித்தாலும் இரண்டே நிமிடத்தில் தேடிப் பிடித்துவிடுவாள். தன் அம்மாவைப் பெற்றவள் எப்படி இறந்தாள் என்பது மட்டும் மூன்று நாளாகக் கம்ப்யூட்டரைக் குடைந்தும் கிடைக்கவில்லை.

ஏழாவது மாதம். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது. ரத்தம் உறைவதில் ஏதோ குறை தெரிகிறது, அம்மா வழியில் யாருக்காவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போயிருக்கிறதா என்று விசாரித்து வரச் சொன்னாள். அன்றிலிருந்து இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: "எங்கம்மா காய்ச்சல்ல போய்ட்டா. எனக்கு அப்ப நாலு வயசாம். அண்ணன் சொல்லும்."

பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைப் படமெடுத்துப் போட்டிருக்கும் வம்சாவளி இணையதளத்தில் அம்மாவுக்கு நாலு வயதான வருடத்தைச் சல்லடை போட்டுத் தேடினாள். பெயரை நாலு விதமாக மாற்றி எழுதிப் பார்த்தாள். ம்ஹூம். கடைசியில் வருடத்தை எடுத்துவிட்டு வெறும் பெயரையும் ஊரையும் தட்டினாள். ஒரே ஒரு வரி வந்தது.

'குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி இப்பதிவு மறைக்கப்பட்டுள்ளது.'

ஓரத்தில் பொடி எழுத்தில் கேட்டுக்கொண்டவரின் பெயர்: அவளுடைய தாய்மாமா.

கணவனைக் கூப்பிட்டுச் சொன்னதற்கு, பெரியவர் எதையோ அமுக்கப் பார்க்கிறார், சொத்து கித்து இருக்கும் என்றான்.

மாமாவுக்குப் போன் போட்டாள். எடுத்த எடுப்பிலேயே, "எதை மாமா மறைக்கிறீங்க?" என்றாள்.

இப்போது அது எதற்கு என்று கேட்டார். டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"உங்கம்மா பக்கத்துல இருக்காளா?"

"இல்ல. நான் ஆபீஸ்ல இருக்கேன்."

"அவகிட்ட மூச்சு விடாதே. இதோ வர்றேன்."

போன் துண்டிக்கப்பட்டது. அம்மாவிடமே சொல்லக்கூடாத அளவுக்கு என்ன தப்பு செய்திருக்கிறார் இந்த மனுஷன்? வயிற்றில் குழந்தை உதைத்தது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரத்தில் மாமா ஆபீசுக்கே வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. நாலாக மடித்த காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அசல் பதிவின் நகல்.

'இறப்புக்குக் காரணம்: பிரசவத்தில் ரத்தப்போக்கு.'

உடனே படமெடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினாள். அவளே கூப்பிட்டாள். முன்கூட்டியே தெரிந்தது நல்லதாயிற்று, ரத்தம் தயாராக வைத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம், பயப்படாதீர்கள் என்றாள்.

இவளுக்கு அப்போதுதான் உயிரே வந்தது. ஆனால் மாமாவின் மீதிருந்த கோபம் ஆறவில்லை.

"இதைப் போய் ஏன் மாமா ஒளிச்சு வச்சீங்க? காய்ச்சல்னு ஏன் பொய் சொன்னீங்க?"

"தேதியைப் பாரு."

பார்த்தாள். அம்மா பிறந்த அதே நாள், அதே வருடம்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"வருஷா வருஷம் அன்னிக்குக் காலையில, 'அண்ணா, இன்னிக்கு எனக்குப் பொறந்த நாளு'ன்னு சிரிச்சுக்கிட்டு வந்து நிக்கிறாம்மா."