பெற்றோர் கையெழுத்து

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் மிஸ். இவளுக்கு வேற புக் குடுங்க."

வேதநாயகி புத்தகத்தின் அட்டையைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. படிவத்தை மேஜை மேலேயே பின்னால் தள்ளிவிட்டாள். பக்கத்தில் நின்ற மகள் தாரணிக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு போர்ப் புத்தகத்தைப் பள்ளி நூலகத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டுக்கதை கூடாது, நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும். படித்துவிட்டு வகுப்பில் பேச வேண்டும். கோரமான படங்கள் இருந்தால் பெற்றோர் கையெழுத்து கட்டாயம். அதற்காகத்தான் வேதநாயகி பொம்மசந்திரா கார்மென்ட்ஸில் அரை நாள் பர்மிஷன் வாங்கி வந்திருந்தாள்.

"எல்லாரும் உலகப் போர் புக்கா எடுத்துட்டாங்கம்மா. இது ஸ்ரீலங்கா சண்டை. அங்க ஆஸ்பத்திரில இருந்த ஒரு நர்ஸ் எழுதினது. நம்ம தமிழ் ஜனங்க கதை! நம்ம வீட்ல யாருக்காவது இதைப் பத்தி ஒரு வார்த்தை தெரியுமா?"

"உனக்கு அது வேணாம்."

அம்மா எப்போதும் இப்படித்தான். டிவியில் துப்பாக்கிச் சத்தம் கேட்டாலே எழுந்து போய் அணைத்துவிடுவாள். வெளியாட்களிடம் எண்ணி நாலு வார்த்தை பேசுவாள்.

"சாரி மிஸ், அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது," என்று இங்கிலீஷில் முணுமுணுத்தாள் தாரணி.

நூலகத்தைக் கவனிக்கும் பிரிஜெட் மிஸ் கோபித்துக்கொள்ளவில்லை. புத்தகத்தின் நடுவே இருந்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பிரித்து வைத்தார். "நீங்களே ஒரு தடவை பாத்துடுங்கம்மா. மனசுக்கு ஒப்பலைன்னா விட்டுடலாம். பொண்ணு ரொம்ப ஆசைப்படறா, அதான்."

வேண்டாவெறுப்பாகப் பக்கங்களைத் திருப்பினாள் வேதநாயகி. தார்ப்பாய்க் கூடாரங்கள். மணலில் வரிசையாகக் கிடத்தப்பட்ட காயம்பட்டவர்கள். நாலாவது பக்கத்தில் அவள் கை நின்றது. தலையில் கட்டுப் போட்ட ஒரு சிறுவன், பனைமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"இந்தப் பச்சைச் சட்டைப் பையன்... கீழ என்ன போட்டிருக்கு?"

தாரணி குனிந்து படித்துத் தமிழில் சொன்னாள். "பேர் தெரியாத பையன், அஞ்சு வயசு இருக்கும். கூட்டத்துல அம்மாவைத் தவற விட்டுட்டான். ரெண்டு நாளா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தான். மூணாம் நாள் காலைல இறந்துட்டான்."

"இன்னொருக்கா வாசி."

தாரணி மறுபடி வாசித்தாள். வேதநாயகி நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"செத்துட்டான்னு நிச்சயமாப் போட்டிருக்கா? வேற யாராவது கூட்டிட்டுப் போனாங்கன்னு இல்லையா?"

"இல்லம்மா. அந்த நர்ஸ் பக்கத்துலயே இருந்திருக்காங்க. அவங்க மடியிலதான் உயிர் போச்சாம்."

வேதநாயகி தலையை ஆட்டினாள். பேனாவை வாங்கி, படிவத்தில் தன் பெயரைத் தமிழில் எழுதினாள். எழுத்துகள் கோடு தாண்டி இறங்கின.

தாரணிக்கு நம்பவே முடியவில்லை. "தேங்க்ஸ்மா! நான் இந்தப் பையனைப் பத்தியே பேசறேன். 'பேர் தெரியாத பையன்'னு ஆரம்பிக்கப் போறேன்."

வேதநாயகி படத்திலிருந்த முகத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவில்லை. பதினைந்து வருடத்தில் தாரணி ஒருநாளும் அம்மாவின் வாயிலிருந்து கேட்டிராத ஒரு தமிழ் அப்போது வெளியே வந்தது.

"உன்ர அண்ணனுக்குப் பேர் இருக்குது, பிள்ளை... கபிலன்."