ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்

"அக்கா, இன்னிக்கு அந்தப் பெரியவர் வந்தா உண்மையைச் சொல்லிடணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

சூப்பர்வைசர் எதிரே வந்து நின்று கேட்டதும் திருப்புளி அக்காவின் கை அப்படியே நின்றது.

பழைய கம்ப்யூட்டர்களை வாங்கித் தரம் பிரிக்கும் கூடம் அது. தேறுவதைச் சரிசெய்து, வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். தேறாததைப் பிரித்து, செம்பு தனி, பிளாஸ்டிக் தனி, விஷமுள்ளது தனி என்று அனுப்பிவிடுவார்கள். பிரிக்கிற வேலை அக்காவுக்கு. எந்நேரமும் கையில் திருப்புளியோடு இருப்பதால் அந்தப் பெயர்.

"உங்க கையாலேயே பிரிச்சுப் போட்ட கம்ப்யூட்டர். அதை ஒரு பொண்ணு வச்சுப் படிக்கிறான்னு ஏழு மாசமா கதை கட்டிட்டிருக்கீங்க."

"வாய் தவறி வந்துடுச்சு தம்பி."

"ஒரு தடவை தவறலாம். மாசாமாசமா தவறும்?"



முதல் தடவை வந்தபோது பெரியவர் அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். "பையனோடது. அவன் இப்ப இல்ல. சரி பண்ண முடிஞ்சா, படிக்கிற பிள்ளை யாருக்காவது கொடுங்க" என்றார்.

அக்கா திறந்து பார்த்தாள். உயிர் இருக்கிற பாகம் ஒன்றுகூட இல்லை. அன்று சாயங்காலமே அது நாலு கூடைகளில் பிரிந்து கிடந்தது.

மறு மாதம் வந்து நின்றார். "யாருக்கும்மா போச்சு?"

கூடையையா காட்ட முடியும்? "நர்ஸுக்குப் படிக்கிற ஒரு பொண்ணுக்கு, ஐயா" என்று சொல்லிவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்த பிறகு, சொன்னதைத் திரும்ப வாங்க மனசு வரவில்லை.

ஒரு பொய்யைப் பெற்றுவிட்டால் அதற்குச் சோறு போட்டு வளர்க்கவும் வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு ஒரு தம்பி வந்தான். பரீட்சை வந்தது. ஒரு பாடத்தில் தவறி, மறுபடி எழுதித் தேறினாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போதுகூட, இந்த மாசம் அவள் என்ன செய்வாள் என்று அக்கா யோசிக்க ஆரம்பித்திருந்தாள்.

பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்பார். கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொல்லியனுப்புவார்.

"ஆன் பண்ணினா கொஞ்ச நேரம் எடுத்துக்கும். பொறுமையா இருக்கச் சொல்லும்மா."

"சொல்றேன் ஐயா."

சூப்பர்வைசர் கெட்டவன் இல்லை. கொடுத்த பொருள் என்ன ஆயிற்று என்று கொடுத்தவருக்குத் தெரிய வேண்டும் என்பதில் பிடிவாதக்காரன், அவ்வளவுதான்.

"மெய் சொல்லிக் கெட்டவனுமில்ல, பொய் சொல்லி வாழ்ந்தவனுமில்ல அக்கா. நாளைக்கே அந்தப் பொண்ணைப் பார்க்கணும்னு அவர் வந்து நின்னா யாரைக் காட்டுவீங்க?"

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது.

பதினோரு மணிக்குப் பெரியவர் வந்தார். அதே பெஞ்சில் உட்கார்ந்தார். "எப்படிம்மா இருக்கா?" என்றார்.

"அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பித்தாள் அக்கா. பிறகு திருப்புளியைக் கீழே வைத்தாள்.

சூப்பர்வைசர், கம்ப்யூட்டரைப் பிரித்த விவரம் எழுதிய ஒரு தாளை நீட்டினான். "ஐயா, நீங்க கொடுத்தது பழுதுபார்க்கிற நிலையில இல்ல. அன்னிக்கே பிரிச்சாச்சு. அந்தப் பொண்ணு, படிப்பு எதுவும் நிஜமில்ல. எங்க ஆளு தப்பாச் சொல்லிட்டாங்க. மன்னிக்கணும்."

மரியாதையாகத்தான் சொன்னான். உண்மையைத்தான் சொன்னான்.

பெரியவர் தாளைப் படித்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சரிப்பா" என்றார். எழுந்திருக்க இரண்டு தடவை பெஞ்சைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அவர் வாசலைத் தாண்டியதும், "பார்த்தீங்களா, ஒரு வார்த்தை திட்டல. இதுக்குப் போயி இத்தனை நாள் பயந்தீங்க" என்றான் சூப்பர்வைசர். தலைச்சுமையை இறக்கி வைத்தவன் போலிருந்தான்.

அக்கா கையுறையைக்கூடக் கழற்றாமல் வெளியே ஓடினாள். பெரியவர் பஸ் நிறுத்தத்தில், வரப்போகிற பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஐயா, திட்டிட்டாவது போங்க. ஏமாத்தணும்னு சொல்லல."

"நீ எங்கம்மா ஏமாத்தின? அது ஓடாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். இங்க வர்றதுக்கு முன்னாடியே மூணு கடைக்காரங்க கைவிரிச்சிட்டாங்க."

அவளுக்குப் புரியவில்லை. "தெரிஞ்சுமா மாசாமாசம் வந்தீங்க?"

பெரியவர் உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"எப்பப் பாரு பையன் அது முன்னாடியேதான் உட்கார்ந்திருப்பான். அன்னிக்கு மூணு தடவை கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கல. ஆத்திரத்தில அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கித் தரையில அடிச்சேன். ஒண்ணும் பேசாம பைக்கை எடுத்துட்டுப் போனான். பொணமாத்தான் வந்தான்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதை உடைச்சது நான்தாம்மா" என்றார் பெரியவர். "ஏழு மாசமா, நீ சொல்லச் சொல்ல, அது உடையாம இருந்துச்சு."