இல்லத்துப் பிள்ளைகள்

1928. பெரக்கரை நாட்டில் வெள்ளைக்காரப் பாதிரியார் துரை நடத்திய அனாதை இல்லத்தின் வாசலில் மூன்று குழந்தைகள் எலும்பும் தோலுமாக நின்றார்கள். துரை கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக் காமிராவைச் சரிசெய்தார்.

"சிரிச்சுராதீங்க கண்ணு. சீமையில படத்தைப் பார்க்கறவங்க அழணும்," என்றார் உபதேசியார் ஞானாதிக்கம்.

முகம் வாட அவர்கள் சிரமப்படவில்லை. சமையலறையிலிருந்து வந்த சோற்று வாசனையே போதுமானதாக இருந்தது. துரைக்குப் பரம திருப்தி.

படம் எடுத்து முடிந்ததும், வேலியோரம் காத்திருந்த அத்தாயி உபதேசியாரிடம் வந்தாள்.

"ஏனுங்க, எம் புள்ளைங்க மூணுக்கும் ஒரு வாய் சோறு போட்டு அனுப்புவீங்களா?"

"அதெப்படிம்மா? இது அனாதைங்களுக்கான இல்லம். உம் புருசன்தான் குத்துக்கல்லாட்டம் இருக்கானே!"

"அப்ப இல்லத்துப் புள்ளைங்களையே படம் புடிச்சிருக்கலாமுங்களே?"

உபதேசியார் சமையலறைப் பக்கம் கைகாட்டினார். பந்தியில் இருந்த பிள்ளைகள் மறுசோறு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மூணு வருசமா எங்க சோத்தைத் தின்னு கன்னம் உப்பிக் கிடக்குதுங்க. அதுங்களைப் பார்த்து எவன் இரக்கப்பட்டுப் பணம் அனுப்புவான்?"

அத்தாயி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். உபதேசியார் அக்கறையோடு கூப்பிட்டுச் சொன்னார்.

"அடுத்த வருசமும் இவங்களையே கூட்டியா. அதுவரைக்கும் சதை போடாமப் பார்த்துக்க!"