ஆளுக்கொரு உயில்

எழுதி வந்த விவரத்தை வக்கீலிடம் வாசித்துக் காட்ட முடியாமல் அவர் கண்ணைச் சுருக்கினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தன் கைப்பையிலிருந்து அவருடைய கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள்.

"எனக்கப்புறம் என் வீடு இவளுக்கு. இவளுக்கப்புறம் இவ கடை எனக்கு."

வக்கீல் சிரித்தார். "பிள்ளைங்களும் இல்ல. புருஷன் பெண்டாட்டிக்கு எப்படியும் வந்து சேருமே, உயில் எதுக்கு?"

"போன மாசம்னா சேர்ந்திருக்கும் சார். இப்போதான் விவாகரத்து ஆயிடுச்சே," என்றாள் அவள்.

"அப்புறமுமா ஒருத்தருக்கொருத்தர் எழுதறீங்க?"

"சேர்ந்து குடும்பம் நடத்தத்தான் ஒத்துவரல. நம்பறதுக்கு வேற யாரு இருக்கா?" என்றார் அவர்.

கண்ணாடியைக் கழற்றி, பழக்கதோஷத்தில் அவளிடமே நீட்டினார். அவள் வாங்கித் துடைத்து, அவருடைய சட்டைப்பையில் வைத்தாள்.

"இனிமே இது இங்கதான் இருக்கும். தொலைச்சுடாதீங்க."