பலாப்பழத்துக்கு அரை டிக்கெட்

ஓட்டுநர் இல்லாத அம்பாசமுத்திரம் பேருந்து டிக்கெட்டையும் தானே கொடுக்கத் தொடங்கியதும், கண்டக்டர் பேச்சிமுத்துவுக்கு வேலை போயிற்று. மறுநாள் காலை, டிக்கெட் எடுத்துப் பயணியாகவே ஏறினார்.

மீனாட்சிபுரத்துச் சுடலி இடுப்பில் பலாப்பழத்தோடு ஏறியதும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“ஏ மைனி, புள்ளைக்கு அரை டிக்கெட் எடுத்தாச்சா?”

எல்லாரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

“பயணிகள் அமைதி காக்கவும்,” என்றது பேருந்து.

“வேலையப் புடுங்குன, சரி. ஏலே, வாய்க்குமா பூட்டு போடுவ?”

“விதிமீறல். உடனே இறங்கவும்.”

வண்டி நின்று கதவு திறந்தது. பேச்சிமுத்து இறங்கினார்.

“இந்த ஊமை வண்டியில எவ போவா?” என்று சுடலியும் பழத்தோடு இறங்கினாள். அவள் பின்னால் மொத்தக் கூட்டமும் இறங்கியது.

பேச்சிமுத்து பழைய விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். “ரைட், போலாம்!”

நாற்பது பேரும் சிரித்துக்கொண்டே நடந்தார்கள்.

காலி இருக்கைகளிடம் பேருந்து சொன்னது: “அமைதி காத்தமைக்கு நன்றி.”